பின்னாலிருந்து வந்தது

டோல்கேட் பஸ் ஸ்டாப்பில், ஒரு வியாழக்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு, கண்டக்டர் ஃப்ரெடியின் வலது கை முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடமிருந்து சரியாக ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டது. அந்தப் பெண் இருபது ரூபாய்த் தாளை நீட்டிக்கொண்டிருந்தாள். வாங்கத்தான் ஃப்ரெடி கையை நீட்டினான். இடையில் கண்ணாடி இல்லை, கம்பி இல்லை, ஒன்றும் இல்லை. கை மட்டும் மேற்கொண்டு போக மறுத்தது. அழுத்திப் பார்த்தான், மணிக்கட்டு வலித்தது. கடைசியில் அவள் தாளை அவன் மடியில் போட்டாள், அவன் டிக்கெட்டை ஜன்னல் ஓரத்தில் வைத்தான். அடுத்து ஏறியவர் பக்கத்து வீட்டுக் கருணாகரன். அவரிடம் கை தாராளமாகப் போனது. சாயங்காலத்துக்குள் விஷயம் விளங்கிவிட்டது. தெரிந்தவர்களிடம் கை போகும், தெரியாதவர்களிடம் போகாது.

தெரியாத ஆள் சட்டம் வந்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அரசாணையில் அதற்கு நீளமான பெயர் உண்டு. அதை முழுதாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. எங்கோ ஓர் ஊரில் கலவரம் நடந்ததாகவும், கலவரக்காரர்களுக்கு வழிநெடுக யார் யாரோ சோறு போட்டதாகவும் காரணம் சொன்னார்கள். ரேஷன் கார்டில் கூட இருப்பவர், தெருப் பட்டியலில் இருப்பவர், ஒரே இடத்தில் வேலை செய்பவர், இந்த மூன்றிலும் சேராத ஒருவருக்குத் தண்ணீரோ சோறோ நிழலோ வண்டியில் இடமோ கொடுத்தால், அந்த ஆள் அதற்கு முன் செய்ததற்கும் இனிமேல் செய்யப்போவதற்கும் கொடுத்தவரே பொறுப்பு. உதவியே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை, அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டார்கள். உதவ விரும்புகிறவர் இரண்டு போட்டோவோடு மனு கொடுக்கலாம். பதினைந்து வேலை நாட்களில் பதில் வரும். காசிமேட்டில் கடலில் விழுந்த ஒருவனைத் தூக்க மனு கொடுத்தவருக்குப் பதினான்காம் நாளே அனுமதி கிடைத்ததை அதிகாரிகள் இன்றும் உதாரணமாகச் சொல்கிறார்கள். அறிந்தவருக்கே உதவி, அதுவே நாட்டுக்கு உதவி என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். வாசகத்துக்குப் பக்கத்துப் படத்தில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது.

மெட்ராஸ் பஸ்ஸில் கண்டக்டர் எழுந்து வருவது அபூர்வம். அவர் பின் கதவுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார், காசுதான் அவரிடம் நடந்து வரும். முன்னால் நிற்கிறவர் காலடிப்பேட்டை ஒண்ணு என்று சொல்லிப் பணத்தை அடுத்தவர் கையில் கொடுப்பார். அது தோள்களைத் தாண்டி, மீன் கூடைகளைத் தாண்டி, பத்துப் பதினைந்து கை மாறிக் கண்டக்டரிடம் சேரும். டிக்கெட்டும் சில்லறையும் அதே வழியாகத் திரும்பி முன்னால் போகும். வழியில் ஒரு ரூபாய் குறைந்ததாக இருபத்திரண்டு வருட சர்வீஸில் ஃப்ரெடி ஒரு புகாரும் கேட்டதில்லை. நிற்க முடியாமல் கம்பியில் தொங்குகிற குடிகாரன்கூட அடுத்தவன் சில்லறையை மட்டும் சரியாகக் கைமாற்றுவான். நிற்கிற பெண் தன் பையையும், சில நேரம் தன் பிள்ளையையும், உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருத்தி மடியில் வைத்துவிட்டு நிம்மதியாகக் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். வடசென்னையே இப்படி ஒருவர் கையில் ஒருவராகப் பிழைத்துக்கொண்டிருந்தது. அதற்கு யாரும் பெரிய பெயர் எதுவும் வைத்திருக்கவில்லை.

டோல்கேட் ஸ்டாப்பை ஒட்டிய வீட்டில் ஷரீஃபுன்னிசா என்கிற அம்மாள் இருந்தார். வாசலில் இரும்பு ஸ்டாண்டில் ஒரு மண்பானை, அதன்மேல் ஒரு தட்டு, தட்டின்மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர். ஊரெல்லாம் தண்ணீர்ப் பானை டம்ளருக்குச் சங்கிலி கட்டுவார்கள். இவர் கட்டவில்லை, டம்ளரும் காணாமல் போகவில்லை. லாரித் தண்ணீர்தான், குளோரின் வாடை வீசும், ஆனால் சில்லென்று இருக்கும். பஸ் நிற்கிற நேரத்தில் ஃப்ரெடி ஜன்னல் வழியாகக் கையை நீட்டுவான். அவரோ மகள் நவ்ரீனோ நிரப்பித் தருவார்கள். பதினோரு வருடம் அந்தத் தண்ணீரைக் குடித்தவனுக்கு அவர் பெயர் தெரியாது. தெரிந்தது, கை நின்றதற்கு முந்தின நாள், ஒரு போலீஸ்காரர் அதை உரக்கப் படித்து அவரை ஜீப்பில் ஏற்றியபோதுதான்.

நடந்தது இவ்வளவுதான். எண்ணூரில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்துவிட்டது என்று மனு கொடுக்கக் கால்நடையாக வந்த ஒருவன் அந்தப் பானையில் தண்ணீர் குடித்தான். குடித்துக்கொண்டிருக்கும்போதே ஜீப் வந்து நின்றது. அவன் செய்த குற்றம் என்ன என்று இன்றுவரை யாருக்கும் சொல்லப்படவில்லை. சாட்சி ஒருவர் வேண்டியிருந்தது, பஸ் அங்கே நின்றிருந்தது. அந்தம்மா தண்ணீர் கொடுத்ததைப் பார்த்தாயா என்று எஸ்.ஐ. கேட்டார், பார்த்தேன் என்றான் ஃப்ரெடி. அவர் நீட்டிய நாலு பக்கக் காகிதத்தில் கையெழுத்தும் போட்டான். டிரிப் ஷீட், டைம் கீப்பர் நோட்டு என்று ஒரு நாளைக்கு இருபது இடத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற தொழில் அவனுடையது. எவனாவது காகிதத்தை நீட்டினால் போட்டுவிட்டு விசில் கொடுப்பான். அப்படியே போட்டான், விசிலும் கொடுத்தான். பஸ் கிளம்பும்போது ஷரீஃபுன்னிசா அவனைப் பார்த்தார். திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கை நின்றுபோனதை அவன் மனைவி ஆன்சியிடம் மட்டும் சொன்னான். உண்மையைத்தானே சொன்னேன், பொய்ச் சாட்சியா சொன்னேன் என்று அவளையே திரும்பத் திரும்பக் கேட்டான். ஆன்சி மீனுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா அவனுக்குத் தண்ணி குடுத்தாங்க, அது உண்மதான். பதினோரு வருசமா உனக்கும் குடுத்தாங்களே, அது இன்னா பொய்யா? ஒண்ண மட்டும் எழுதிக் குடுத்துட்டு வந்துகீற."

குழம்பை ஊற்றினாள், அவனும் சாப்பிட்டான்.

ஃப்ரெடியின் கைதான் முதல் கை. ஒரு மாதத்தில் ராயபுரம், மூன்று மாதத்தில் எண்ணூர்வரை எல்லார் கையும் நின்றுவிட்டது. சலூன்கார ஜஹாங்கீர் பழைய வாடிக்கைத் தலைகளைத் தவிர வேறு தலையைத் தொட முடியாமல் கடையில் இரண்டு நாற்காலியை விற்றார். மகிழினி என்கிற பெண்ணின் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கை தாலியோடு ஒரு சாணில் நின்றது. அவருடைய மாமா ஆட்டோ பிடித்துப் போய் ரேஷன் ஆபீஸில் பெண்ணின் பெயரைச் சேர்த்துக்கொண்டு வரும்வரை கெட்டிமேளம் நாற்பது நிமிடம் விடாமல் வாசிக்கப்பட்டது. இதற்கெல்லாம் ஊர் சிரித்தது. தண்டையார்பேட்டையில் மையத்து ஊர்வலம் போகும்போது வழியில் நிற்கிறவர்கள், யார் எவர் என்று கேட்காமல், ஓடிவந்து சந்தூக்குப் பெட்டிக்கு நாலடி தோள் கொடுப்பது வழக்கம். அந்தத் தோள்கள் இப்போது ஒரு சாண் தள்ளியே நடந்தன, எடுத்த நாலு பேரே கபர்ஸ்தான்வரை மூச்சு வாங்கச் சுமந்தார்கள். இதற்கு யாரும் சிரிக்கவில்லை. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடு சரிந்து வெளியூர்த் தொழிலாளி ஒருவனின் இடுப்புவரை மூடியது. முப்பது பேர் சுற்றி நின்று கையை நீட்டினார்கள், முப்பது கையும் ஒரு சாணில் நின்றன. அவன் அவனுடைய மொழியில் தண்ணீர் கேட்டான்; அது எல்லாருக்கும் புரிந்தது. நாற்பது நிமிடத்தில் அடங்கிவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கேவலம். அந்த முப்பது பேரும் அன்று அழுதார்கள், அது நிஜம். ஆனால் அடுத்த மாதம் டோல்கேட்டில் ஒருவன் மயங்கி விழுந்தபோது பத்துப் பேர்தான் கையை நீட்டிப் பார்த்தார்கள். அதற்கடுத்து ஒருத்தி விழுந்தபோது இரண்டு பேர். அப்புறம் நீட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். கைதான் போகாதே, நான் என்ன செய்ய என்று பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு நடந்தார்கள். மனசாட்சிக்கு இதைவிடச் சவுகரியமான ஏற்பாடு உண்டா? அரசாங்கம் இந்த ஜனங்களுக்கு அரிசி ஒழுங்காகக் கொடுத்ததில்லை, குடிதண்ணீர் ஒழுங்காகக் கொடுத்ததில்லை; வெட்கப்படாமல் இருக்கிற வசதியை மட்டும் வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்தது. ஜனங்களும் கேள்வி கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் விழுந்த பிள்ளையைச் சுற்றிக்கொண்டு போக மற்றப் பிள்ளைகள் பழகிவிட்டன. பிக்பாக்கெட் ஒழிந்தது என்று ஆண்டறிக்கையில் எழுதினார்கள். அது உண்மையும்தான், பிக்பாக்கெட்காரன் கையும் ஒரு சாணில் நின்றது. லத்தி ஒரு சாணைவிட நீளம் என்பதால் போலீஸ் வேலைக்கு மட்டும் எந்த இடைஞ்சலும் வரவில்லை. அந்த வருடம், ஒழுங்குக்கு எடுத்துக்காட்டான பகுதி என்று பொறித்து டோல்கேட்டில் ஒரு கல் நட்டார்கள். பஸ்ஸில் காசு போட உண்டியல் மாதிரி ஒரு பெட்டி வைத்தார்கள். ஃப்ரெடி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசில் கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஷரீஃபுன்னிசாவைப் பதினாலு மாதம் கழித்து, கத்திரி வெயிலில், விட்டார்கள். குற்றம் நிரூபணமாகவில்லை, நிரூபணமாகாமலும் போகவில்லை என்று காகிதத்தில் இருந்தது. கைதானவர்களின் பெயரை எல்லாப் பட்டியலிலிருந்தும் நீக்கிவிடுவது வழக்கம். ஆகவே சட்டப்படி அவர் இப்போது ஊரில் ஒருவருக்கும் தெரியாதவர், பெற்ற மகளுக்கும்தான். சிறை வாசலில் அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போன நவ்ரீன் ஒரு சாணில் நின்றாள். பிறகு தன் துப்பட்டாவின் ஒரு முனையை அம்மாவிடம் வீசினாள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தார்கள். இரண்டாவது பஸ் ஃப்ரெடியுடையது.

பின் கதவில் ஏறும்போதே அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஆள் பாதியாகியிருந்தார். அவருக்கும் அவனைத் தெரிந்தது. நல்லா கீறியா நைனா என்று கேட்டார், அதில் குத்தல் எதுவும் இல்லை. ஃப்ரெடி விசிலை வாயில் வைத்துக்கொண்டான். டோல்கேட்டுக்குச் சற்று முன்னால் பஸ் நின்றது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் நிற்க வேண்டிய கன்டெய்னர் லாரிகள் அன்று ஹைரோட்டையும் அடைத்துக்கொண்டு காலடிப்பேட்டை தாண்டி வரிசை கட்டியிருந்தன. முக்கால் மணி நேரம் ஒரு சக்கரமும் அசையவில்லை. பஸ்ஸின் தகரம் கொதித்தது. கம்பியைப் பிடித்து நின்ற ஷரீஃபுன்னிசா கம்பியோடு சரிந்து ஃப்ரெடியின் காலடியில் விழுந்தார். உதடு வெளுத்துவிட்டது, மூச்சு விட்டுவிட்டு வந்தது. ஆஸ்பத்திரி காலடிப்பேட்டைக்கு அந்தப் பக்கம் இரண்டு கிலோமீட்டரில் இருந்தது. ஆம்புலன்ஸ் வர வழியில்லை. வந்தாலும் மனு கேட்கும்.

நவ்ரீன் அலறவில்லை. ஒரு சாண் தூரத்தில் நின்ற இரண்டு கையையும் அப்படியே வைத்துக்கொண்டு ஃப்ரெடியை மட்டும் பார்த்தாள். பஸ்ஸில் எழுபது பேர். எழுபது பேரும் ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்தார்கள், லாரியில் அப்படிப் பார்க்க ஒன்றும் இல்லை. ஃப்ரெடி கையை நீட்டினான், நின்றது. கையைக் கம்பியில் ஓங்கி அடித்துவிட்டு மறுபடி நீட்டினான், நின்றது. சட்டம் போட்டவன், காகிதம் நீட்டியவன், கல் நட்டவன் எல்லார் மேலும் அவனுக்குக் கோபம் வந்தது. எல்லாரையும்விட, படிக்காமல் கையெழுத்துப் போட்டு விசில் கொடுத்தவன் மேல் வந்தது. விசிலைத் துப்பினான்.

"இந்தம்மா தண்ணி குடுத்தாங்கன்னு எழுதிக் குடுத்தவன் நாந்தான். பதினோரு வருசம் அந்தத் தண்ணிய குடிச்சவனும் நாந்தான். எந்தக் கார்டுல பேரு இல்லாங்காட்டியும் எனக்கு இவங்கள தெரியும்."

சொல்லிக்கொண்டே கையை அழுத்தினான். கை போனது. போகும்போது விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை தோல் கழன்று, இறுக்கமான உறை கழல்வதுபோல், அந்த ஒரு சாண் தூரத்திலேயே அந்தரத்தில் தங்கிவிட்டது. இரத்தக் கையோடு அவரை அள்ளித் தூக்கினான். தூக்கிய பிறகுதான், போக வழியில்லை என்பது உறைத்தது. பஸ்ஸுக்குள் இம்மி இடமில்லை, வெளியே வண்டிகளுக்கு நடுவில் ஆளைச் சுமந்துகொண்டு நுழைய முடியாது. அப்போது அவன் வாயில் வந்தது யோசித்து வந்ததல்ல. இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி வாயில் தங்கிப்போனது.

"ஆஸ்பத்திரி ஒண்ணு. வாங்கி முன்னால பாஸ் பண்ணு."

முன்னால் நின்றவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிக்கெட் வாங்குகிறவன்போல் தோளுக்கு மேலாகக் கையைப் பின்னால் நீட்டினான். அவனுடைய கை அந்தப் பழக்கத்தை அரசாணை வருவதற்கு முப்பது வருடத்துக்கு முன்பே கற்றுக்கொண்டிருந்தது. பயம் வந்து தடுப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அவனுக்கு முன்னால் நின்றவளும் அப்படியே வாங்கினாள். ஷரீஃபுன்னிசா தலைகளுக்கு மேலாக நகர்ந்து, முன் கதவு வழியாக இறங்கி, ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள் கைக்குப் போனார். அங்கிருந்து லாரி கிளீனர்கள், பைக்கில் இருந்தவர்கள், ஐஸ் வண்டிக்காரன், கூடையை இறக்கி வைத்த மீன்காரிகள். நவ்ரீன் துப்பட்டாவின் மறுமுனையை விடாமல் இடுக்குகளில் கூடவே ஓடினாள். சில கார்க்காரர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்; அவர்களைச் சுற்றிக்கொண்டு அந்தம்மா போனார். ஒழுங்குக் கல்லுக்குப் பக்கத்தில் நின்ற டிராஃபிக் போலீஸ்காரர் நிறுத்தத்தான் கையைத் தூக்கினார். தூக்கிய கையில் அந்தம்மா வந்து சேர்ந்ததும் பேசாமல் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார். இரண்டு கிலோமீட்டருக்கு அவர் உடம்பு ஒரு தடவையும் தரையில் படவில்லை.

காசு போனால் மீதி திரும்பி வர வேண்டும் என்பது பஸ் சட்டம். ஃப்ரெடி கையில் காசுப் பெட்டியைத் துடைக்கிற துணியைச் சுற்றிக்கொண்டு தன் சீட்டில் உட்கார்ந்து காத்திருந்தான். ஒரு மணி நேரம் கழித்து, முன்னாலிருந்து, வாய் மாறி வாய் மாறி, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களைத் தாண்டி, ஒரு சொல்லும் குறையாமல் அது வந்து சேர்ந்தது.

"கண்ணு முழிச்சிட்டாங்களாம். தண்ணி கேட்டாங்களாம்."

பஸ் அப்போதும் நகர்ந்திருக்கவில்லை. ஃப்ரெடி முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான், பஸ்ஸில் பாதிப் பேர் அழுதார்கள். யாரும் யாரிடமிருந்தும் முகத்தை மறைக்கவில்லை.

விசாரணை மூன்றாம் நாள் ஆரம்பமானது. முதலில் தொட்டவர் யார் என்பது தெரிந்தால்தான் வழக்குப் பதிய முடியும். ஸ்டேஷனுக்கு வரவழைக்கப்பட்ட ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: பின்னாலருந்து வந்துச்சு சார், முன்னால குடுத்தேன். அடித்துக் கேட்டபோதும் அதையேதான் சொன்னார்கள். பஸ்ஸில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை, அவர்களும் கேட்டிருக்கவில்லை. ஃப்ரெடி பேசியதைக் கேட்ட எழுபது பேருக்கும் அது ஞாபகத்தில் இல்லை. அந்தரத்தில் நின்ற தோலைத் தடயமாக எடுத்துப்போக வந்த அதிகாரிகளின் கை அதற்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. கோபத்தில், முதல் ஆள் கிடைக்காவிட்டால் தாயை மறுபடியும், இந்தத் தடவை மகளையும் சேர்த்து உள்ளே வைப்போம் என்று அறிவித்தார்கள். அன்று மத்தியானம் ஃப்ரெடி ஆன்சியிடம் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்து போனான். ஆன்சி தடுக்கவில்லை, தெருமுனைவரை கூட வந்தாள். முதல் கை என்னுடையது என்று சொன்னான். அதே மாதிரி நாலு பக்கம் நீட்டினார்கள். ஐம்பது நிமிடம் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்து, இரண்டு பொய்யை அடிக்க வைத்து, வலது கையில் கட்டு இருந்ததால் இடது கையால் கையெழுத்துப் போட்டான். மூன்று வருடம் என்று தீர்ப்பு வந்தது.

சட்டம் இன்னும் இருக்கிறது, கல்லும் இருக்கிறது. தோலும் அந்த பஸ்ஸில் அதே இடத்தில் இருக்கிறது. ஏறுகிறவர்கள் தலையைக் குனிந்து ஒதுங்கிப் போகிறார்கள், டெப்போவில் கழுவுகிறவர்கள் அது நனையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கை நிற்கிறதா போகிறதா என்று இப்போது யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. பின்னால் திரும்பாமல் நீட்டிவிடுகிறார்கள்.

தீர்ப்பு நாளன்று ஃப்ரெடியை ஏற்றிய வேன் டோல்கேட்டில் நின்றது. லாரிகள் எப்போதும்போல் வழியை அடைத்திருந்தன. வேனுக்குள் வெயில் நெருப்பாக இருந்தது. அவன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் புறப்பட்டது. பைக்கில் இருந்தவன் வாங்கினான், ஆட்டோக்காரன் வாங்கினான், லாரிக்கு அடியில் குனிந்து ஒரு கிளீனர் வாங்கினான், சிந்தாமல் வேனின் கம்பி வலைவரைக்கும் வந்தது. குளோரின் வாடை வீசியது. காவலுக்கு இருந்த ஏட்டு கதவைத் திறந்து, இதைக் கொடுத்தது யார் என்று அதட்டினார். டம்ளரைக் கையில் வைத்திருந்த மீன்காரி அவரை நேராகப் பார்த்தாள்.

"பின்னாலருந்து வந்துச்சு."

ஏட்டு டம்ளரை வாங்கி ஃப்ரெடியிடம் கொடுத்தார். அவன் குடித்து முடித்ததும் காலி டம்ளரை வாங்கி, வந்த வழியே பாஸ் பண்ணினார்.